நிலநடுக்கக் கணிப்பு: புள்ளியியலும் திறந்த தரவும் எவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கின்றன? – கேள்வி பதில்

அடுத்த பெரிய நிலநடுக்கம் எங்கே, என்றைக்கு என்று யாராலாவது சொல்ல முடியுமா?

முடியாது. நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டியே குறித்துக் கொடுத்து, அது திரும்பத் திரும்பப் பலித்ததாக நிரூபணமான முறை இன்றுவரை எதுவும் இல்லை. செய்ய முடிவது வேறு: இந்த வட்டாரத்தில், அடுத்த ஏழு நாளில், இன்ன அளவுக்கு மேல் நிலநடுக்கம் வர இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லலாம். கீழே 'கணிப்பு' என்று வருவதெல்லாம் இந்த வகைதான்.

அந்தச் சதவீதம் பெரும்பாலும் மிகச் சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் போன மாதம் இருந்ததைவிட நூறு மடங்கு கூடியிருக்கவும் கூடும். "நூறு மடங்கு கூடிவிட்டது", "இன்னும் 1 சதவீதம்கூட இல்லை" ஆகிய இரண்டும் ஒரே நாளில் உண்மையாக இருக்கும். இந்தத் துறையின் தலைவலி முழுக்க இங்கேதான் தொடங்குகிறது.

2023இல் துருக்கி நிலநடுக்கத்தை மூன்று நாள் முன்பே ஒருவர் சொன்னாரே?

அந்த ட்வீட்டை எல்லோரும் பகிர்ந்தார்கள். கிரக நிலைகளை வைத்துப் பேசும் ஒரு டச்சுக்காரர் பிப்ரவரி 3 அன்று, "இன்றோ என்றோ" இந்தப் பகுதியில் ஏறக்குறைய 7.5 அளவில் நிலநடுக்கம் வரும் என்று எழுதினார். பிப்ரவரி 6 அன்று 7.8 அளவில் வந்தது. இரண்டு புவித்தட்டுகள் உரசும் பெரிய பிளவின் மேல் இருக்கும் பகுதிக்கு "இன்றோ என்றோ" என்று சொன்னால் அது தப்பவே தப்பாது. கெடு வைக்காத வாக்கைச் சோதிக்க வழி கிடையாது.

கெடு வைத்துச் சொல்பவர்களிடமும் ஏமாறலாம். "அடுத்த ஒரு வாரத்துக்குள் உலகில் எங்காவது 6க்கு மேல் ஒரு நிலநடுக்கம் வரும்" என்று நான் இப்போதே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகில் ஆண்டுக்குச் சுமார் 150 நிலநடுக்கங்கள் அந்த அளவைத் தாண்டுகின்றன. ஒரு வாரத்துக்குச் சராசரியாக 2.9. சும்மா வாய்க்கு வந்தபடி சொன்னாலும் பலிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 94 சதவீதம்! யாராவது கணிப்பு பலித்தது என்று சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த அடிப்படை விகிதத்தைத்தான். அதைவிட எவ்வளவு நன்றாகச் சொன்னார் என்பதுதான் கேள்வி.

சீனாவில் 1975இல் ஒரு ஊரையே முன்கூட்டி வெளியேற்றினார்களாமே?

ஹைசெங். பிப்ரவரி 4, 1975. அளவு 7.3. பல உயிர்கள் தப்பின என்பது உண்மை. அங்கே பெரிய அதிர்வுக்கு முன்னால் சின்ன அதிர்வுகள் ஏராளமாக வந்தன, மக்களே பயந்து வெளியே வந்தார்கள். அடுத்த ஆண்டே, 1976 ஜூலை 28 அன்று, டாங்ஷானில் அப்படி எந்த முன்னதிர்வும் இல்லை. அதிகாரபூர்வக் கணக்குப்படியே 2,42,000 பேர் இறந்தார்கள்.

சரி, புள்ளியியல் எதைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடுகிறது?

இரண்டு பழைய விதிகள், அவற்றை இணைத்த ஒரு மாதிரி.

முதல் விதி குட்டன்பர்க்–ரிக்டர். அளவு ஒரு படி கூடினால் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஒரு வட்டாரத்தில் 4ஐத் தாண்டியவை ஆயிரம் என்றால் 5ஐத் தாண்டியவை சுமார் நூறு, 6ஐத் தாண்டியவை பத்து. (ஒரு படிக்கு வெளிப்படும் ஆற்றலோ சுமார் 32 மடங்கு கூடுகிறது. அதனால், சின்னச் சின்ன அதிர்வுகளால் அழுத்தம் வடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்ற ஆறுதலுக்குக் கணக்கில் ஆதாரம் இல்லை.)

இரண்டாவது ஓமோரி விதி. ஜப்பானில் 1891இல் நோபி நிலநடுக்கம் வந்தது. அதன் பின்னதிர்வுகளை எண்ணிப் பார்த்த ஃபுசாகிச்சி ஓமோரி, அவை காலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைவதை 1894இல் எழுதினார். பத்தாம் நாள் வருபவை முதல் நாளில் வந்தவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, நூறாம் நாள் நூறில் ஒரு பங்கு. நோபியின் பின்னதிர்வுகள் நூறு வருடம் கழித்தும் ஏறக்குறைய அதே வளைகோட்டில்தான் போய்க்கொண்டிருந்தன. கையால் எண்ணிப் போட்ட ஒரு சூத்திரம் இத்தனை காலம் தாக்குப்பிடிப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

1988இல் யோசிஹிகோ ஒகாடா இரண்டையும் ஒன்றாக்கினார். அவர் நிலவியலாளர் இல்லை, டோக்கியோவில் இருந்த புள்ளியியலாளர். அவருடைய 'ஈட்டாஸ்' மாதிரியில் பிரதான அதிர்வு, பின்னதிர்வு என்ற சாதிப் பிரிவே கிடையாது. ஒவ்வொரு அதிர்வும் அடுத்தடுத்த அதிர்வுகளைத் தூண்டலாம், பெரிய அதிர்வு நிறையத் தூண்டும், தூண்டப்பட்டதும் தன் பங்குக்குத் தூண்டும். சில சமயம் பிள்ளை தாயைவிடப் பெரிதாக இருக்கும். அப்போதுதான் முதலில் வந்ததை 'முன்னதிர்வு' என்று திரும்பிப் பார்த்துப் பெயர் மாற்றுகிறோம். வந்த நிமிடத்தில் அதன் நெற்றியில் எதுவும் எழுதியிருக்காது.

பூமிக்கு அடியில் அழுத்தம் சேருவதை வைத்து, இத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று சொல்லக் கூடாதா?

பார்க்ஃபீல்டு கதை இதற்குத்தான். கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல் உள்ள குட்டி ஊர். 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறக்குறைய 22 ஆண்டுக்கு ஒருமுறை 6 அளவில் குலுங்கியிருந்தது. அடுத்தது 1993க்குள் வரும் என்று 1980களில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் அறிவித்து, ஊரைச் சுற்றிக் கருவிகளை நட்டது. 1993 போனது. 2000 போனது. 2004 செப்டம்பர் 28 அன்றுதான் வந்தது. இடமும் அளவும் சரி, காலம் பத்தாண்டுக்கு மேல் பிசகியது. அத்தனை கருவிகளிலும் பளிச்சென்று எந்த முன்னறிகுறியும் பதிவாகவில்லை. ஆறு நிகழ்வுகளை வைத்து ஒரு கடிகாரத்தைக் கற்பனை செய்தால் இதுதான் கதி.

ஒரு மாதிரி பழைய நிலநடுக்கங்களோடு அப்படியே பொருந்தினால் போதாதா?

போதாது. அது விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவது. வேண்டுமென்றே யாரும் ஏமாற்றத் தேவையில்லை. எந்த எல்லைக்குள் எண்ணுவது, எந்த அளவுக்கு மேல் எடுப்பது, எத்தனை நாள் கால அளவு வைப்பது என்று ஒவ்வொரு முடிவையும், விடை தெரிந்த பிறகு, நம்மை அறியாமலே நமக்குச் சாதகமாக எடுத்துவிடுவோம்.

அதனால் கலிபோர்னியாவில் ஒரு குழு வேறு மாதிரி யோசித்தது. 2006 ஜனவரி 1 முதல் ஐந்தாண்டுகளுக்கு, 4.95 அளவுக்கு மேல் வரும் நிலநடுக்கங்கள் எங்கெங்கே எத்தனை என்று பல அணிகள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மாநிலம் முழுவதையும் 0.1 பாகைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு எண். கொடுத்த பிறகு கைவைக்கக் கூடாது. எந்தத் தரவுப் பட்டியலை வைத்து, எந்தச் சோதனையால் மதிப்பெண் போடுவது என்பதும் முதலிலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஐந்தாண்டில் 31 வந்தன. மெக்சிகோ எல்லைப் பக்கம் 2010 ஏப்ரலில் வந்த 7.2 அவற்றில் பெரியது. முதலிடம் பிடித்தது ஹெல்ம்ஸ்டெட்டர், காகன், ஜாக்சன் மூவரின் மாதிரி. அதன் ரகசியம் ரொம்பச் சாதாரணம்: இதுவரை வந்த 2 அளவுக்கு மேற்பட்ட சின்ன அதிர்வுகள் எங்கே குவிந்திருக்கின்றனவோ அங்கேயே பெரியதும் வரும் என்று வழவழப்பாக்கிப் போட்ட வரைபடம். பிளவுகளின் நிலவியலை எல்லாம் விரிவாகச் சேர்த்தவை அதற்குப் பின்னால்தான் நின்றன. நிபுணர்கள் பலருக்கு இது உவப்பாக இருந்திருக்காது.

இதன் தொடர்ச்சியாக 2007இல் 'சீசெப்' என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவானது. லாஸ் ஏஞ்சலஸ், வெலிங்டன், டோக்கியோ, ஜூரிச் ஆகிய ஊர்களில் சோதனை மையங்கள். மாதிரியை எழுதியவர் நிரலை மையத்தில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். அது தினமும் தானே ஓடும், அன்றன்றைய கணிப்பு பூட்டிவைக்கப்படும், நிஜத்தில் வந்ததோடு ஒப்பிட்டு மதிப்பெண் விழும். கணக்குப்பிள்ளை வேலை. ஆனால் இந்தத் துறையில் கடந்த இருபது ஆண்டில் நடந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு இந்த வேலையால்தான் வந்தது என்பது என் கருத்து.

மதிப்பெண் எப்படிப் போடுவார்கள்? வாய்ப்பைத்தானே சொல்கிறார்கள், அதில் சரி தப்பு எங்கே?

2019 ஜூலை 4 அன்று கலிபோர்னியாவின் ரிட்ஜ்கிரெஸ்டில் 6.4 வந்தது. அதைவிடப் பெரியது அடுத்த சில நாளில் வர 20இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நிலநடுக்கவியலாளர் லூசி ஜோன்ஸ் அன்றே சொன்னார். மறுநாள் 7.1 வந்தது. அவர் சொன்னது சரியா? இந்த ஒரு நிகழ்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. "20இல் ஒன்று" என்று சொன்ன நூறு தடவைகளில் ஏறக்குறைய ஐந்து தடவை வந்திருந்தால் அந்த எண் நல்ல எண்.

மாதிரிகளுக்குள் போட்டி என்று வந்தால் மடக்கையில் கணக்கு. ஒரு சதுரத்துக்கு 'அ' மாதிரி 0.02 என்றும் 'ஆ' மாதிரி 0.005 என்றும் கொடுத்திருக்கின்றன, அங்கே நிலநடுக்கம் வந்துவிட்டது என்று கொள்வோம். 'அ' நான்கு மடங்கு கூடுதலாகச் சொன்னது, ஆகவே அதற்கு 4இன் இயல் மடக்கை, அதாவது சுமார் 1.39 புள்ளி. அப்படியென்றால் எல்லாச் சதுரத்துக்கும் பெரிய எண்ணாக அள்ளிக் கொடுத்துவிடலாமே? முடியாது. கொடுத்த எண்கள் எல்லாவற்றின் கூட்டுத்தொகை மொத்த மதிப்பெண்ணிலிருந்து கழிக்கப்படும். புலி வருது என்று கூவிக்கொண்டே இருப்பவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

மறுமுனையில் இன்னொரு கிடுக்கி. ஒரு சதுரத்துக்குச் சுழியம் என்று எழுதி, அங்கே நிலநடுக்கம் வந்துவிட்டால்? சுழியத்தின் மடக்கை எதிர்ம முடிவிலி. மற்ற எல்லா இடத்திலும் அற்புதமாகச் சொல்லியிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. "வரவே வராது" என்பதுதான் இந்தக் கணக்கில் மிக விலை உயர்ந்த வாக்கியம்.

இத்தாலியில் விஞ்ஞானிகளுக்குச் சிறைத்தண்டனை கொடுத்தது அதற்காகத்தானா?

நிலநடுக்கத்தை முன்பே சொல்லாததற்காகத் தண்டித்தார்கள் என்று செய்தி பரவியது. அது முழுச் சரியில்லை. லாக்விலா நகரில் 2009 தொடக்கத்தில் மாதக்கணக்கில் சின்ன அதிர்வுகள். ரேடான் வாயுவை அளந்து ஒருவர் எச்சரிக்கை விட, ஊரில் பீதி. மார்ச் 31 அன்று நிபுணர் குழு கூடியது. அதையொட்டி, குடிமைப் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர், ஆற்றல் வெளியேறிக்கொண்டே இருப்பதால் நிலைமை சாதகம்தான், பயமில்லை என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். ஏப்ரல் 6 விடிகாலை 3.32க்கு 6.3 அளவில் வந்தது. 309 பேர் இறந்தார்கள்.

2012இல் அந்தத் துணைத் தலைவரும் விஞ்ஞானிகள் ஆறு பேருமாக ஏழு பேருக்கும் ஆறாண்டுச் சிறை. 2014இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுதலை, அந்தத் துணைத் தலைவருக்கு மட்டும் இரண்டாண்டாகக் குறைப்பு. வழக்கின் மையம் பொய்யான ஆறுதல். அந்த வாரத்துக்கான வாய்ப்பை மாதிரிகள் கொண்டு கணக்கிட்டால் 1 சதவீதத்துக்கும் கீழேதான் வருகிறது. வழக்கமான நாளைவிட அது பல மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தாமஸ் ஜோர்டன் தலைமையிலான பன்னாட்டுக் குழு 2011இல் தந்த அறிக்கை இதைத்தான் வலியுறுத்தியது: சின்ன எண்ணாக இருந்தாலும் தொடர்ந்து, வெளிப்படையாக, சோதிக்கப்பட்ட மாதிரியிலிருந்து சொல்லுங்கள். இத்தாலியும் நியூசிலாந்தும் பல மாதிரிகளைக் கலந்து கணிக்கும் முறைக்கு வந்திருக்கின்றன.

திறந்த அறிவியல் என்று சொல்கிறீர்களே, தரவையும் நிரலையும் வெளியிட்டால் கணிப்பு எப்படி மேம்படும்?

இரண்டு சம்பவங்கள் போதும்.

2018இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை: பின்னதிர்வுகள் எந்த இடங்களில் வரும் என்பதை ஆழ்கற்றல் வலையமைப்பு பழைய முறைகளைவிட நன்றாகச் சொல்கிறது என்று. அந்த வலையமைப்பில் 13,451 அளவுருக்கள், அதாவது தரவைப் பார்த்துச் சரிசெய்யப்படும் எண்கள். பத்திரிகைகள் கொண்டாடின. மறு ஆண்டே அதே இதழில் மிக்னான், ப்ரொக்கார்டோ என்ற இருவர் ஒரு குறிப்பு எழுதினார்கள். அதே வேலையை இரண்டே அளவுருக்கள் கொண்ட சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரஷன் அதே தரத்தில் செய்கிறது! கல்லூரிப் பாடத்திட்டத்தில் இருக்கும் விஷயம். முதல் கட்டுரைக்காரர்கள் தரவையும் நிரலையும் பொதுவில் வைத்திருந்ததால்தான் இப்படி யாரும் சரிபார்க்க முடிந்தது.

அடுத்தது 2023 ஜூலை. 'சயின்ஸ்' இதழில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருவர், 7 அளவுக்கு மேற்பட்ட 90 நிலநடுக்கங்களின் ஜிபிஎஸ் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். நிலநடுக்கத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் நிலம் மெல்ல நகரத் தொடங்குவது போல ஒரு வளைகோடு தெரிந்தது. உண்மையானால் தலைகீழ் மாற்றம்தான். தரவு திறந்திருந்தது. கைல் பிராட்லி, ஜூடித் ஹப்பர்ட் இருவரும் சில நாட்களிலேயே அதை இறக்கி ஆராய்ந்தார்கள். பக்கத்துப் பக்கத்து ஜிபிஎஸ் நிலையங்கள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல ஏறி இறங்கும் பொது இரைச்சலைக் கழித்ததும் அந்த வளைகோடு காணாமல் போனது.

இரண்டிலும் முதலில் எழுதியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூட்டிவைத்திருந்தால் இரண்டு முடிவுகளும் பத்தாண்டு காலம் மேற்கோளாகச் சுற்றியிருக்கும். எதிர்காலத்தில் நிஜமான முன்னறிகுறி ஒன்று கிடைத்தாலும், இப்படிப் பத்துப் பேர் அடித்துப் பார்த்தும் நின்றால்தான் நம்புவோம்.

அப்படியானால் செயற்கை நுண்ணறிவால் பயனே இல்லையா?

நிறைய இருக்கிறது, வேறு இடத்தில். இரைச்சலுக்குள் புதைந்திருக்கும் நுண்ணதிர்வுகளைக் கணினியால் தேடிப் பிடிப்பதில் பெரிய பாய்ச்சல் நடந்திருக்கிறது. தெற்குக் கலிபோர்னியாவில் 2008 முதல் 2017 வரையிலான பதிவுகளை, ஏற்கெனவே தெரிந்த அதிர்வுகளின் அலைவடிவத்தை வைத்துத் துழாவி, 18 லட்சம் அதிர்வுகள் கொண்ட பட்டியலை 2019இல் வெளியிட்டார்கள். பழைய பட்டியலைப் போலப் பத்து மடங்கு. இப்போது நரம்பு வலையமைப்புகளும் இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் கணிப்பில் 1988இன் ஈட்டாஸைத் தெளிவாகத் தோற்கடிப்பது இன்னும் சுலபமாக இல்லை.

விலங்குகள் முன்பே உணர்ந்துவிடும் என்கிறார்களே?

2018இல் ஜெர்மனியில் ஒரு குழு 160 நிலநடுக்கங்கள் தொடர்பான 700க்கும் மேற்பட்ட தகவல்களைத் தொகுத்துப் பார்த்தது. பெரும்பாலானவை நிலநடுக்கம் வந்த பிறகு நினைவுகூர்ந்தவை. நாய் சும்மா குரைத்த நாட்களை யாரும் குறித்துவைப்பதில்லையே.

20இல் ஒன்று, நூறில் ஒன்று என்று கேட்டு ஒரு சாதாரண ஆள் என்ன செய்வது?

ஜப்பானைப் பாருங்கள். 2016 ஏப்ரல் 14 இரவு குமமோட்டோவில் 6.5. அதுதான் பெரியது, இனிச் சிறியவைதான் என்ற வழக்கமான அனுமானத்தில் பலர் வீடு திரும்பினார்கள். 16ஆம் தேதி நள்ளிரவு கடந்து 7.3 வந்தது. அதன் பிறகு ஜப்பான் வானிலை முகமை பேச்சை மாற்றிக்கொண்டது. இப்போதெல்லாம், அடுத்த ஒரு வாரத்துக்கு இதே அளவு குலுக்கல் மறுபடி வரலாம், கவனமாக இருங்கள் என்கிறது.

2024 ஆகஸ்ட் 8 அன்று ஹியூகா கடலில் 7.1 வந்ததும், ஜப்பானின் தென்கரையோரக் கடலடியில் உள்ள நான்காய் அகழிக்கான பெருநிலநடுக்க எச்சரிக்கைக் குறிப்பை முதன்முறையாக வெளியிட்டார்கள். சாதாரணமாக ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் வாரவாய்ப்பு சில நூறில் ஒன்றாகக் கூடியிருக்கிறது என்றார்கள். பிரதமர் வெளிநாட்டுப் பயணத்தை ரத்து செய்தார், சில கடற்கரைகளை மூடினார்கள், சில ரயில்களின் வேகத்தைக் குறைத்தார்கள். யாரையும் ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லவில்லை. தண்ணீர் இருக்கிறதா, அலமாரி சுவரோடு பிணைத்திருக்கிறதா, வெளியேறும் வழி தெரியுமா என்று பாருங்கள் என்றார்கள். ஒரு வாரத்தில் குறிப்பு விலக்கப்பட்டது, எதுவும் வரவில்லை. சில நூறில் ஒன்று என்றால் அப்படித்தான் நடக்கும். எண் சிறியதாக இருக்கும்போது செலவு குறைந்த காரியங்களைச் செய்வது. அவ்வளவுதான்.

2004 சுனாமியைத் தந்த சுமத்ரா பக்கம் இப்படிப்பட்ட கணிப்பு எதையாவது சொன்னதா?

ஒரு முறை, நெருங்கி வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று 9.1 அளவில் பிளவு கிழிந்தபோது பக்கத்துப் பகுதிகளில் அழுத்தம் எவ்வளவு கூடியது என்று ஜான் மெக்கிளாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டு 2005 மார்ச் 17 அன்று வெளியிட்டார்கள். தெற்கே அடுத்துள்ள பகுதியில் ஆபத்து கூடியிருக்கிறது என்றார்கள், நாள் குறிக்கவில்லை. பதினொரு நாள் கழித்து, மார்ச் 28 அன்று, நியாஸ் தீவருகே 8.6.

தமிழ்நாட்டுக்குள்ளே சிக்கல் வேறு. இங்கே நிலநடுக்கம் அபூர்வம், ஆகவே பட்டியலும் மெலிந்தது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 வந்து சென்னை வரை ஆட்டியது பலருக்கு ஞாபகம் இருக்கும். எண்ணிக்கை குறைவான இடத்தில் வாராந்திரக் கணிப்பு சொல்வது வெறும் பாவனை. அதே சமயம், அமைதியான பகுதி என்று நினைத்த லாத்தூரில்தான் 1993இல் 6.2 வந்து ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. இங்கெல்லாம் கைகொடுப்பது கட்டட விதிகள்தான்.

ஜப்பானில் கைப்பேசியில் முன்கூட்டியே எச்சரிக்கை வருகிறதே, அது?

அது கணிப்பு அல்ல. நிலநடுக்கம் தொடங்கிய பிறகு, பலத்த அலை உங்களை அடைவதற்குள் செய்தி முந்திவிடுகிறது. சில வினாடிகள், அதிகம் போனால் சில பத்து வினாடிகள்.

எனக்குப் பைத்தானும் கொஞ்சம் புள்ளியியலும் தெரியும். நானே முயன்று பார்க்கலாமா?

தாராளமாக. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் பட்டியலை யாரும் இலவசமாக இறக்கலாம். சீசெப் குழுவின் சோதனைகள் எல்லாம் 'பைசீசெப்' என்ற திறந்த மூல நிரலகமாகக் கிடைக்கின்றன.

முதலில் பட்டியலில் எந்த அளவுக்கு மேல் எதுவும் விடுபடவில்லை என்று பாருங்கள். ஒரு பெரிய அதிர்வுக்குப் பின்னான சில மணி நேரத்தில் சின்னவை ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பதிவாகாமல் போகும். அதைக் கவனிக்காமல் விட்டால், பெரிய அதிர்வு வந்ததும் சின்னவை அடங்கிவிடுகின்றன என்ற ஒரு 'கண்டுபிடிப்பு' உங்களுக்கும் கிடைக்கும். அப்புறம் உங்கள் மாதிரியை ஒன்றுமில்லாத சீரான பரவலோடு ஒப்பிட்டு மகிழாதீர்கள், ஈட்டாஸோடு மோதவிடுங்கள். தாண்டினால், அடுத்த ஆறு மாதக் கணிப்பைத் தேதி முத்திரையோடு ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு கோப்பைத் தொடாமல் இருங்கள்.